கார்ன் கேப்பும் எம்.சி.ஆர். செருப்பும்: பதினொரு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

பாபநாசம் வட்டத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். நாளொன்றுக்கு ஐந்து, சில நாட்களில் ஆறு பாடவேளைகள் சிமெண்டுத் தரையில் நின்றபடியே வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வலது உள்ளங்காலில், நடுவிரலின் அடிக்குச் சற்றுக் கீழே, காலை ஊன்றும்போதெல்லாம் சிறு கல்லை மிதித்தது போன்ற வலி தொடங்கியது. கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்திருக்கும் என்று எண்ணி விளக்கடியில் உட்கார்ந்து ஊசியால் கிளறிப் பார்த்தேன்; முள் எதுவும் இல்லை. அது காலாணி. அதே காலத்தில் என் அம்மாவுக்கும் இரு பாதங்களிலும் காய்ப்பு முற்றியிருந்தது. எங்கள் இருவருக்குமாக நான் வாங்கிய பொருட்கள் இரண்டு: மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் கேப் என்னும் பிளாஸ்டர், கும்பகோணத்தில் அளவு கொடுத்துத் தைத்து வாங்கிய, எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பரால் ஆன செருப்பு. முன்னதால் எனக்கு நன்மையும் அம்மாவுக்குத் தீங்கும் நேர்ந்தன. ஆகையால் யார் எதை வாங்கலாம், யார் தொடவே கூடாது என்பதைத்தான் இங்கே முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன்.

காய்ப்பும் காலாணியும் ஒரே காரணத்தால் வருபவை. தோலின் ஓரிடம் திரும்பத் திரும்ப அழுந்தினாலோ உராய்ந்தாலோ, அவ்விடத்தைக் காத்துக்கொள்ள உடல் அங்கே தோலின் மேலடுக்கைத் தடிக்கச் செய்கிறது. அந்தத் தடிப்பு பரவலாக இருந்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் குவிந்து கூம்பு போல உள்நோக்கி இறுகினால் காலாணி. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கையிலும், மிருதங்கம் வாசிப்பவரின் விரல்களிலும், நாளெல்லாம் சம்மணமிட்டு அமர்ந்து வேலை செய்பவரின் வெளிக் கணுக்காலிலும் நடப்பது இதுவே. எனவே வலியில்லாத காய்ப்பை நோய் என்று கருதி முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. என் அம்மா நாற்பது ஆண்டுகள் குறுவையிலும் சம்பாவிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் வெறுங்காலோடு போனவர். கோடையில் செங்கல்லாக இறுகிவிடும் களிமண் வரப்பில் நடந்து நடந்து அவர் பாதம் நெருஞ்சி முள்ளும் ஏறாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. “இந்தக் காலு இப்படி இருந்ததாலதாம்ப்பா உன்னைப் படிக்க வைக்க முடிஞ்சுது” என்று அவர் சொல்வதுண்டு. அந்தப் பாதத்தில் எனக்கு மரியாதை இருக்கிறது என்பதாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஊர்ப்பக்கத்தில் காலாணிக்கு வேர் உண்டு என்றும், வேரோடு பிடுங்காவிட்டால் திரும்பவும் முளைக்கும் என்றும் நம்புகிறார்கள். சவர பிளேடை வைத்துத் தோண்டுவதும், ரத்தம் வந்தால் மஞ்சளை அப்புவதும் இந்த நம்பிக்கையால்தான். காலாணிக்கு வேர் கிடையாது. நடுவில் இருக்கும் கெட்டியான கரு, இறுகிப்போன இறந்த தோலே அன்றி வேறொன்றும் இல்லை. எடுத்த பிறகும் அதே செருப்பில், அதே எலும்பு முனையின் கீழ், அதே அழுத்தம் விழுந்துகொண்டிருப்பதால்தான் அது மீண்டும் வருகிறது. இதை நான் புரிந்துகொள்ள நான்கு மாதமும் மூன்று பெட்டி பிளாஸ்டரும் ஆயின.

பிளாஸ்டர் வாங்குவதற்கு முன் அது காலாணிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். உள்ளங்காலில் வரும் மருவும் பார்வைக்கு ஏறத்தாழ இதுபோலவே இருக்கும். அது வைரஸ் கிருமியால் வருவது, அதற்கான மருத்துவமும் வேறு. நேராக அழுத்தினால் வலிப்பது காலாணி. இரு விரலால் பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்தால் அதிகம் வலிப்பது பெரும்பாலும் மரு. தோலின் ரேகைகள் காலாணியின் மேல் தொடர்ந்து ஓடும். மருவின் ஓரத்தில் அறுந்து விலகிப் போகும். மருவில் கடுகு நுனி போன்ற கரும்புள்ளிகளும் தெரியலாம். நம் வட்டாரத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. கால் விரல் இடுக்கில், பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில், வியர்வை ஈரத்தில் ஊறி வெளுத்து, மெத்தென்று ஒரு காலாணி வரும். இதைச் சேற்றுப்புண் என்று எண்ணி மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். சேற்றுப்புண் அரிக்கும், பரவும். இது இரு விரல் எலும்புகள் ஒன்றையொன்று நெருக்கும் ஒரே இடத்தில் நின்று வலிக்கும். என் மனைவிக்குப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் இதுபோல் வந்தபோது, இறுகிப்போன மெட்டியைச் சற்று அகலமான வளையமாக மாற்றியதும், குளித்தபின் விரலிடுக்கை நன்றாகத் துடைத்துச் சிறிது பஞ்சு வைத்ததுமே போதுமானதாக இருந்தது. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

இனி கார்ன் கேப். நான் வாங்கிய பெட்டியில் நான்கு பிளாஸ்டர்கள் இருந்தன. விலை நூறு ரூபாய்க்கு உட்பட்டதுதான். நடுவில் ஒரு சிறு வில்லை. அதில் 40 விழுக்காடு சாலிசிலிக் அமிலம். அதைச் சுற்றி மெத்தென்ற ஒரு வளையம். அந்த வளையம் தரையின் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு நடுப்பகுதியைத் தாங்குவதால், மருந்து வேலை செய்வதற்கு முன்பே, ஒட்டிய அன்றே வலி பாதியாகக் குறைந்தது. சாலிசிலிக் அமிலம் இறந்த தோலின் அணுக்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. ஆனால் கெட்ட தோல், நல்ல தோல் என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. வில்லை நகர்ந்து எங்கே படிகிறதோ அங்கே உள்ள தோலையும் அது அரிக்கும். முதல் பெட்டியில் நான் செய்த தவறு இதுதான். காலையில் அவசரமாக ஒட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்; நடையில் வில்லை அரை விரற்கடை நகர்ந்து, நல்ல தோல் வெளுத்து எரிந்தது.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தேன். இரவில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, காலாணியைச் சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் வாசலைனைப் பூசி, வில்லை சரியாக நடுவில் அமரும்படி ஒட்டி, மேலே ஒரு துணிப் பிளாஸ்டரும் போட்டேன். 48 மணி நேரம் கழித்து எடுத்தபோது அந்த இடம் ஊறிய தேங்காய்க் கீற்று போல வெள்ளையாக இருந்தது. மறுபடியும் ஊறவைத்து, காலைத் தேய்க்கும் நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்தபோது வெள்ளைத் தோல் சுருள் சுருளாக வந்தது. மூன்றாவது பிளாஸ்டருக்குப் பிறகு நடுவில் இருந்த கரு வெளிவந்தது: வெந்த ஜவ்வரிசியைப் போலக் கண்ணாடித் தன்மையோடு, ஒரு பக்கம் கூர்ந்து, நெல்மணியில் பாதி அளவே இருந்தது. இத்தனை நாள் ஒரு மனிதனை நொண்ட வைத்தது அவ்வளவுதான். அதன்பின் ஒரு மாதம் சுகமாக நடந்தேன். மறுமாதம் அதே இடத்தில் மீண்டும் வலித்தது.

ஆகவே கார்ன் கேப்பைப் பற்றிய என் கருத்து இது: இருக்கும் காலாணியை எடுப்பதற்கு, உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ள பாதத்தில், அறிவுறுத்தியபடி இரண்டு வாரத்துக்கு மிகாமல் பயன்படுத்தினால், விலைக்கு ஏற்ற நல்ல பொருள். வராமல் தடுக்கும் ஆற்றல் அதற்கு அறவே இல்லை. விரலிடுக்கில் வரும் ஈரக் காலாணிக்கு அதை ஒட்டக் கூடாது. அங்கே தோல் மெல்லியது, அமிலம் எளிதில் புண்ணாக்கிவிடும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பரந்த காய்ப்புக்கு இதைவிட யூரியா கலந்த களிம்பை இரவில் தடவி, வாரம் இருமுறை நுரைக்கல்லால் தேய்ப்பதே மேல். கடைகளில் தேங்காய்த் துருவி போலத் தொங்கும் உலோகத் தேய்ப்பானை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கார்ன் கேப்பைத் தொடவே கூடாது. இது பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், என் கண்ணாடியைக் கழற்றி அருகே வைத்துப் படிக்க வேண்டிய அளவில். என் அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. எனக்குக் குணமானதைப் பார்த்த அவர், நான் பள்ளியில் இருந்தபோது, காலிப் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து இதேபோல் ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். அம்மா மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்கும் அதே மருந்துக்கடை. யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். இடது காலின் பெருவிரல் அடியில் இருந்த காய்ப்பின் மேல் இரண்டு பிளாஸ்டர்களை ஒட்டிக்கொண்டு நான்கு நாள் அப்படியே இருந்திருக்கிறார். வலித்திருந்தால் எடுத்திருப்பார், வலிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பாயில் ஈரக்கறை ஒன்றைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிளாஸ்டரை எடுத்தபோது காய்ப்பின் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் வெந்து, அடியில் சிவந்த சதை தெரிந்தது.

அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றிய பொறுமைக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். பின்னர் தஞ்சாவூரில் மருத்துவர் ஒருவர் அம்மாவின் பாதங்களைப் பரிசோதித்ததை நான் அருகில் இருந்து பார்த்தேன். மீன்பிடித் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தம் ஆனதும் வளைந்துவிடும்படி செய்யப்பட்டது. அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாக அந்த இழையை வளையும் வரை அழுத்தி, “தொடுறது தெரியுதாம்மா?” என்று கேட்டார். குதிகாலுக்கு மேலே தெரிந்தது. பெருவிரல் நுனியிலும் அதன் அடியிலும் இழை வளைந்து நின்றது. அம்மா இன்னும் தொடவே இல்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் மருத்துவர் விளக்கினார். உணர்ச்சி உள்ள பாதத்தில் காய்ப்பு ஒரு கவசம்; உணர்ச்சி குறைந்த பாதத்தில் அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போல உள்சதையை நசுக்கி, மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் புண்ணை உண்டாக்கும். எனவே காய்ப்பைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் அமிலத்தால் அன்று. பயிற்சி பெற்றவர் கத்தியால் மெல்லிய சீவல்களாகச் சீவி எடுக்க வேண்டும். அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் சீவி முடித்தார். இறந்த தோல் என்பதால் வலி சற்றும் இல்லை. அம்மான் பச்சரிசிப் பால், மருதாணியும் மஞ்சளும் அரைத்துக் கட்டுவது ஆகியவற்றைப் பற்றியும் கேட்டேன். சர்க்கரை உள்ள காலில் எந்தச் செடியின் பாலும் வேண்டாம் என்றார். தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021இல் தொடங்கிய பிறகு சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது; பாதப் பரிசோதனைக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டமும் இருக்கிறது. மாத்திரையோடு நிற்காமல், பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்டுப் பெறுங்கள்.

செருப்பை மாற்றச் சொன்னதும் அந்த மருத்துவரே. எம்.சி.ஆர். என்பது மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத சிறு காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். நம் ஊரில் தொழுநோயாளிகளின் செருப்பு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்காகவே வாங்க மறுப்பவர்களையும் கண்டிருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய வரலாறு அன்று அது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்கள் சதை தானாக அழுகுவதால் வருவதில்லை என்றும், உணர்விழந்த பாதம் அழுத்தத்தை அறியாமல் நடப்பதால் வருபவை என்றும் காட்டினார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற செருப்பு அந்த அறிவிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டு மண்ணில் ஏழைகளின் கால்களுக்காகச் செய்த அந்த வேலை, இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காத்துக்கொண்டிருக்கிறது.

கும்பகோணத்தில் எங்களுக்குத் தைத்துக் கொடுத்தவர் அறுபதைக் கடந்தவர். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுப்பார் என்று நினைத்தேன். “நின்னாத்தாம்மா கால் முழுசா விரியும்” என்று சொல்லி, தரையில் விரித்த காகிதத்தில் நிற்கவைத்துப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்தார். அடுத்து, நாங்கள் வெளியே விட்டிருந்த பழைய செருப்புகளை எடுத்துவரச் சொன்னார். என் செருப்பில் நடுவிரல் அடி படும் இடம் கரிந்து பளபளத்து, ஒரு குழியாகவே இருந்தது. அதில் கட்டைவிரலை வைத்து, “சார், உங்க ஆணி இங்கதான் இருக்கணும்” என்றார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. எம்.சி.ஆர். தகட்டின் அடிப்புறத்தில் அந்த இடத்துக்கு நேராகச் சிறிது செதுக்கி எடுத்து, அழுத்தம் சுற்றுப்புறத்தில் விழும்படி செய்தார். மேலே பத்து மில்லிமீட்டர் எம்.சி.ஆர்., கீழே தேயாத கடினமான அடித்தகடு, முன்னும் பின்னும் ஒட்டிப் பிரிக்கும் வார்கள். விரலிடுக்கில் செல்லும் வார் வேண்டாம் என்று அவரே சொன்னார்: உணர்ச்சி குறைந்த கால் அந்த வாரை விரலால் இறுக்கிப் பிடித்தே நடக்கும், இடுக்கில் புண் வரும், பின்வார் இல்லாவிட்டால் செருப்பு நழுவிப் போனதும் தெரியாது. ஆணி அடிக்காமல் பசையாலும் தையலாலும் மட்டுமே செய்தார். ஒரு ஜோடி 850 ரூபாய். பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் காலாணி அந்தச் செருப்புக்குப் பின் திரும்பவில்லை. அந்த இடத்தில் மெல்லிய காய்ப்பு மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நுரைக்கல்லால் தேய்த்துக்கொள்கிறேன். பள்ளிக்குப் போட்டுச் சென்ற கூர்முனை ஷூவையும் விட்டுவிட்டேன். காகிதத்தில் பாதத்தை வரைந்து அதன்மேல் ஷூவை வைத்துப் பார்த்தபோது, இருபுறமும் கோடு வெளியே தெரிந்தது. ஐந்து விரல்களை நான்கு விரல் அகலத்தில் அடைத்து வைத்திருந்திருக்கிறேன். புதிய ஷூவைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்கினேன்.

அம்மாவின் நிலைமை இவ்வளவு எளிதாக இல்லை. உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. “வீட்டுக்குள்ள செருப்பா? சாமி மாடத்துக்கு முன்னாலயா?” என்று அம்மா கேட்டதில் எனக்கும் நியாயம் தெரிந்தது. வாசற்படியைத் தாண்டாத ஒரு தனி ஜோடியை அதே எம்.சி.ஆரில் தைத்து, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்து என் மனைவி அவர் காலில் மாட்டிவிட்ட பிறகுதான் சம்மதித்தார். கோயில் இன்னும் கடினம். பட்டீஸ்வரத்துக்கும் திருநாகேஸ்வரத்துக்கும் போகாமல் அவரால் இருக்க முடியாது. கருங்கல் தளமோ பத்து மணிக்கே கொதிக்கும், சூடு அவருக்குத் தெரியாது. கொதிக்கும் பிராகாரத்தில் நடந்துவிட்டு இரவில் கொப்புளத்தைக் கண்டவர்களைப் பற்றி மருத்துவர் எச்சரித்திருந்தார். காலைச் சந்திக்கே போய்த் திரும்புகிறோம். தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்கிறார். திரும்பியதும் நான் இரு உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பார்க்கிறேன்.

செருப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண ரப்பர் செருப்பைவிடக் கனமானது. ஐப்பசி மழையில் வாரின் உள்துணி நனைந்தால் காய இரண்டு நாள் ஆகிறது. ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கு வெளுத்துவிடும், எனவே மழைக்காலத்துக்கு மாற்று ஜோடி இல்லாமல் முடியாது. எட்டாம் மாதத்தில் பின்வாரின் தையல் ஒருபுறம் விட்டது. தைத்தவரே காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். எல்லாவற்றையும் விட முக்கியமானது, எம்.சி.ஆர். என்றென்றும் மெத்தென்று இருப்பதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டிய ரப்பர், இப்போது அம்மாவின் ஜோடியில் குதிகால் இடத்தில் அமுங்கியபடியே கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டால் விலை மலிவு என்று சொல்ல முடியாது. ஏழு வாரம் கட்டு மாற்றிய செலவோடும் அலைச்சலோடும் ஒப்பிட்டால் அதைப் பெரிதென்றும் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் அம்மாவை மறுபடியும் கும்பகோணத்துக்கு அழைத்துச் சென்று இரண்டாவது ஜோடிக்கு அளவு கொடுத்து வந்தோம். காகிதத்தில் இடது காலை வரைந்து முடித்ததும், பழைய புண் இருந்த இடத்தை அம்மாவே குனிந்து விரலை வைத்துக் காட்டினார். செருப்புக்காரர் அங்கே பேனாவால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.